புரட்டாசியில் ஒரு பஸ் கேட்கிறேன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துத் தமிழ் ஆலயங்களின் நிர்வாகக் குழுவில் இருக்கும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

ஆடிக் கூழ் ஊற்றி முடித்து அண்டாக்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இப்போது புரட்டாசிக்குக் கணக்குப் போட உட்கார்ந்திருப்பீர்கள். எந்தச் சனிக்கிழமை யார் உபயம், பூவுக்கு எவ்வளவு, அன்னதானத்துக்கு எத்தனை பை அரிசி என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டத்தில் இன்னும் ஒரு விஷயத்தையும் எடுத்துப் பேசச் சொல்லித்தான் இந்த மடலை எழுதுகிறேன். வருகிற செப்டம்பர் 24 அன்று ஒரு பஸ்ஸை அமர்த்துங்கள். பிள்ளைகளையும் தாத்தா ஆயாக்களையும் ஏற்றிக்கொண்டு, இந்த நகரத்தில் டிக்கெட் இல்லாமல் பார்க்கக் கிடைக்கிற இடங்களுக்குக் கூட்டிப் போங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

ஏன் அந்தத் தேதி? அது ஹெரிட்டேஜ் டே. நாடு முழுக்க விடுமுறை. இந்த மாகாணத்தில் அதற்கு முன்பு, ஜூலு மன்னர் ஷாகாவின் பெயரில், ஷாகா நாள் என்று கொண்டாடிய அதே தேதி. இப்போதெல்லாம் அன்றைக்கு எந்தத் தெருவில் போனாலும் பிராய் புகைதான், திறந்த வெளியில் கறி சுடுகிற புகை. நாம்தான் புரட்டாசி விரதத்தில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்து வீட்டு வாசனையைப் பிள்ளைகள் மோந்துகொண்டு திரிய, நாம் ஜன்னலைச் சாத்துகிறோம். எல்லாரும் தங்கள் பாரம்பரியத்தைக் கொண்டாடும் நாளில் நமக்கு மட்டும் வீட்டுக்காவல் என்றால் வேடிக்கையாக இல்லையா? விரதம் சாப்பாட்டுக்குத்தானே, காலுக்கு இல்லையே.

இன்னொன்றும் உண்டு. பஞ்சாங்கத்தைப் பிரித்தால் ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். வாசலுக்கு வந்து பார்த்தால் இங்கே இளவேனில். சித்திரையில் நமக்கு இலை உதிர்கிறது, புரட்டாசியில் துளிர்க்கிறது. நூற்று அறுபது வருஷங்களுக்கு மேலாக இப்படித் தலைகீழான நாட்காட்டியோடு குடும்பம் நடத்துகிறோம். ஆனாலும் இந்த ஊரின் இளவேனிலுக்கு என்று நாம் ஒரு வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ளவில்லை. தைப்பூசக் காவடி, சித்திரைப் பருவக் காவடி, ஈஸ்டரில் மாரியம்மன் திருவிழா, ஆடிக் கூழ் என்று வருஷம் முழுக்க அடுக்கி வைத்திருக்கிறோம். செப்டம்பரில் கோரல் மரம் ஓர் இலைகூட இல்லாத கிளையில் செக்கச்செவேலென்று பூத்து நிற்கிறது. நம் கல்யாண முருங்கையின் இனம்தான் அது. அண்ணாந்து பார்க்கத்தான் நமக்கு நேரமில்லை.

பிள்ளைகளுக்கு விடுமுறை வந்தால் என்ன செய்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். மால். அங்கே நுழைவது இலவசம்தான், வெளியே வருவதற்குத்தான் காசு. அதைவிட்டால் கடற்கரையில் மீன்காட்சி, நீர்ச்சறுக்கு. நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு அந்த டிக்கெட் ஒரு வாரத்து மளிகைச் செலவு.

சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுப்பவள் நான். ஃபீனிக்ஸ், சாட்ஸ்வர்த் என்று நம் ஆட்கள் அதிகம் வாழும் புறநகர்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பாதிப் பேர் தாவரவியல் தோட்டத்துக்குள் கால் வைத்ததில்லை. பெற்றோரிடம் கேட்டால், “டீச்சர், அது ஃப்ரீதான், ஆனா போக வரணுமே” என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆளுக்கு இவ்வளவு என்று ஏற்றுகிற மினிபஸ் டாக்ஸியில் போனால் டவுனில் இறங்கி இன்னொன்று மாற வேண்டும். பிள்ளை குட்டியோடு நாலு டிக்கெட் போக, நாலு டிக்கெட் வர. காரில் போனால் பெட்ரோல், நிறுத்திய காரைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்குச் சில்லறை. போன பிறகு, கழிப்பறை திறந்திருக்குமா, கைப்பையை இறுக்கிப் பிடிக்க வேண்டுமா, ஆள் நடமாட்டம் இருக்குமா என்ற கவலை. 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்தப் பயம் பல வீடுகளில் இன்னும் உயரமான மதிலாக எழும்பிவிட்டது. தனிக் குடும்பமாக இதையெல்லாம் சமாளிப்பது கடினம். ஐம்பது அறுபது பேர் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினால் இந்தக் கவலைகளில் முக்கால்வாசி தானாகக் கரைந்துவிடும். பஸ், ஆள்பலம், ஐநூறு பேருக்குச் சமைத்துப் பழகிய கைகள், இந்த மூன்றும் ஒன்றாக இருக்கிற இடம் இந்த ஊரில் கோயில்தான். அதனால்தான் நகராட்சிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். நான் முதலில் சொல்வது தாவரவியல் தோட்டம். அனுமதி இலவசம். 1849-இல் தொடங்கியது. ஆப்பிரிக்காவில் இன்றும் இருக்கிற தாவரவியல் தோட்டங்களில் இதுதான் மிகப் பழையது. ஆனால் பூப் பார்க்க வைத்த தோட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தப் பயிரை நட்டால் இந்த மண்ணில் காசு வரும் என்று சோதித்துப் பார்க்கத்தான் வெள்ளைக்காரன் இதைப் போட்டான். காப்பி, தேயிலை, அன்னாசி என்று நட்டுப் பார்த்த பயிர்களில் கரும்பும் ஒன்று. கரும்பு பிடித்துக்கொண்டது. வெட்ட ஆள் வேண்டியிருந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோடு இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படி வந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். நம் பாட்டன் பூட்டன் ஏன் கப்பல் ஏறினான் என்று பிள்ளைக்குச் சொல்ல ஓர் இடம் வேண்டுமானால், அந்தப் புல்வெளியில் உட்காரவைத்துச் சொல்லலாம். வகுப்பறையில் நான் கரும்பலகையில் எழுதிக் காட்டும் வருஷங்கள் அவர்களுக்கு மண்டையில் ஏறுவதில்லை. அந்த மண்ணைத் தொட்டால் ஏறும் என்பது என் நம்பிக்கை.

பிள்ளைகளுக்குப் பிடித்த கதை ஒன்றும் அந்தத் தோட்டத்தில் இருக்கிறது. தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த ஜான் மெட்லி வுட் 1895-இல் ஓங்கோயே காட்டில் ஒரு சைக்காட் மரத்தைப் பார்த்தார். பனைபோலத் தெரியும், பனை இல்லை. டைனோசர் காலத்து வம்சம். அது ஆண் மரம். அதற்கு ஒரு பெண் மரம் உண்டா என்று காட்டில் தேடிக்கொண்டே இருக்கிறார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை. உலகத்தில் எந்தத் தோட்டத்தில் இந்த மரத்தைப் பார்த்தாலும் அது அந்த ஒரே மரத்தின் பக்கக் கன்றுதான். காட்டில் இருந்த மூல மரத்தின் தண்டுகளைக் கொண்டுவந்து இந்தத் தோட்டத்தில் நட்டார்கள், இன்றும் நிற்கிறது. கல்யாணத்துக்குப் பெண் கிடைக்காத மாமா என்று என் வகுப்புப் பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். படத்தில் பார்த்தே இந்தக் கூத்து, நேரில் பார்த்தால் என்ன செய்வார்களோ.

ஜக்கராண்டாவின் ஊதாவைப் பார்க்க அக்டோபர் வரை பொறுக்க வேண்டும். அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள். செப்டம்பரில் வெயில் உறைக்காது. நவம்பர் வந்துவிட்டால் வேர்த்துக் கொட்டி ஆயாக்கள் பஸ்ஸைவிட்டே இறங்க மாட்டார்கள்.

தோட்டத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இரண்டு இடங்கள் உள்ளன, காசு கொடுத்தாலும் வேறெங்கும் கிடைக்காதவை. ஒன்று சாஸ்திரி காலேஜ். இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக 1927-இல் இங்கே வந்தவர் சீனிவாச சாஸ்திரி. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வலங்கைமானில் பிறந்தவர். நம் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் படிப்பு வேண்டும் என்று அவர் ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்ட, 1929-இல் இந்தப் பள்ளி திறந்தது. வெளியே நின்று பார்த்தாலே போதும். உங்கள் குழுவில் இருக்கும் பெரியவர்களில் ஒருவராவது அங்கே படித்திருப்பார். அவரையே பேசவிடுங்கள், வழிகாட்டிக்குக் கூலி மிச்சம்.

மற்றது கரீஸ் ஃபவுண்டன் மைதானம். ஒரு காலத்தில் டர்பனுக்குக் குடிநீர் கொடுத்த ஊற்று அங்கே இருந்தது. பிறகு நிறம் பார்க்காமல் பந்தாடிய மைதானமாயிற்று. 1974 செப்டம்பர் 25 அன்று, மொசாம்பிக் விடுதலையை வாழ்த்தி அங்கே கூட்டம் கூடியது. அரசு தடை போட்டும் கூடினார்கள். போலீஸ் நாய்களோடு வந்து கலைத்தது. பிறகு நடந்த வழக்கில் ராபன் தீவுச் சிறைக்குப் போனவர்களில் சதாசிவன் கூப்பரும் ஸ்ட்ரினி மூட்லியும் உண்டு. நாம் கேட்கும் 24-ஆம் தேதிக்கு மறுநாள் அந்தக் கூட்டத்தின் நினைவு நாள். இதை எந்தத் தமிழ் வகுப்புப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. மாரியம்மன் கதையோடு இதுவும் நம் கதைதான் என்பது என் கட்சி. குழுவில் சிலர் முகம் சுளிப்பார்கள், தெரியும்.

மதியம் கடற்கரை. ப்ளூ லகூனிலிருந்து துறைமுக வாய் வரை ஏறக்குறைய 8 கிலோமீட்டருக்கு நடைபாதை இருக்கிறது. கைத்தடி, சக்கர நாற்காலி, தள்ளுவண்டி எல்லாம் தடங்கலின்றிப் போகும். எல்லாவற்றையும் நடக்க வேண்டாம், வடக்குப் பக்கமாக ஒரு மணி நேரம் போதும். அந்தப் பக்கம்தான் சொம்ட்சியூ ரோடு, பழைய மேகஸீன் பாரக்ஸ் இருந்த இடம். டர்பன் கார்ப்பரேஷனில் வேலை பார்த்த இந்தியர்களை, பெரும்பாலும் தமிழர்களை, அங்கே குடிவைத்திருந்தார்கள். தெருவைப் பெருக்கியவர்களும் குப்பை அள்ளியவர்களும் அவர்களே. 1960-களில் அத்தனை பேரையும் சாட்ஸ்வர்த்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். அவர்கள் கும்பிட்ட கோயில் அங்கே இன்னும் இருக்கிறது. வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தால் கடல், ஆனால் அந்தக் கடலின் பெரும்பகுதியில் கால் நனைக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. “இந்தக் குளிக்கும் பகுதி வெள்ளை இனத்தாருக்கு மட்டும்” என்று மூன்று மொழியில் பலகை நட்டிருந்தார்கள். 1989 வரை இந்த நிலைதான். எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் அந்தப் பலகையைப் பார்த்தவர்கள். இலவசமான இடங்களைப் பற்றி நாம் பேசும்போது, நமக்கு அவை இலவசமாகி எத்தனை வருஷம் ஆயிற்று என்பதையும் பிள்ளைகள் கணக்குப் பார்க்கட்டும்.

தண்ணீரில் இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்கள் பாழாகி, கடற்கரைகளை மூட வேண்டியதாயிற்று. அதன் பிறகு நீரின் தரம் ஒரு நாள் போல் மறுநாள் இருப்பதில்லை. முதல் நாள் நகராட்சியின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகமென்றால் மணலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மழை பிடித்தால் சிட்டி ஹால். 1910-இல் எழுப்பிய கட்டடம், அதற்குள்ளேயே இயற்கை அருங்காட்சியகமும் ஓவியக் கூடமும் இருக்கின்றன. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. எகிப்திலிருந்து வந்த ஒரு மம்மியும், மொரீஷியஸில் அழிந்துபோன டோடோவின் எலும்புக்கூடும் அங்கே உண்டு. பையன்களை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம். பெரிய பிள்ளைகளை மட்டும் க்வாமூலே அருங்காட்சியகத்துக்கு அனுப்பலாம், அதுவும் இலவசம். கறுப்பின மக்கள் இந்த நகரத்தில் வேலை பார்க்கவும் தங்கவும் பாஸ் என்ற அனுமதிச் சீட்டுக்காக வரிசையில் நின்ற அலுவலகம் அது. நம் கஷ்டத்தை மட்டும் சொல்லி வளர்த்தால் பிள்ளைகள் பாதி ஊரைத்தான் தெரிந்துகொள்வார்கள். விடுமுறை நாளில் திறந்திருக்குமா, எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்பதை முந்திய வாரமே போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள்.

வார்விக்கின் அதிகாலைச் சந்தையைப் பற்றி மட்டும் எழுதினாலே இன்னொரு மடல் வேண்டும். கரும்புத் தோட்ட வேலை ஒப்பந்தம் முடிந்து சொந்தமாகக் காய்கறித் தோட்டம் போட்ட நம் ஆட்கள் தலையில் சுமந்து வந்து விற்ற காய்கறியிலிருந்து வளர்ந்தது அது. 1910-இலிருந்து நடக்கிறது. 2009-இல் அதை இடித்துவிட்டு மால் கட்ட நகராட்சி திட்டம் போட்டபோது, தமிழ் வியாபாரியும் ஜூலு வியாபாரியும் சேர்ந்து நின்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது. நம் பாட்டிகளுக்கு அது சுற்றுலாத்தலமாகத் தெரியாதுதான். பேரன்களுக்குத் தெரியட்டும். அன்னதானத்துக்குப் பூசணிக்காயும் கொத்தமல்லியும் எப்படியும் வாங்கத்தான் வேண்டும். அதை அங்கே வாங்கினால் பிள்ளைகளும் கூட வந்த மாதிரி இருக்கும்.

சாட்ஸ்வர்த்துக்காரர்களுக்கு வீட்டுப் பக்கத்திலேயே சில்வர்க்ளென் இருக்கிறது, புல்வெளியும் காடும், மருந்துச் செடி நாற்றங்காலும். க்ளென்வுட்டில் பிஜன் வேலி, மார்னிங்சைடில் பர்மன் புஷ். பர்மன் புஷ்ஷில் குரங்குகள் அதிகம், வடையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. உம்ஷ்லாங்காவில் கலங்கரை விளக்கம், பாலம். செப்டம்பரில் திமிங்கிலங்கள் குட்டியோடு தெற்கே திரும்பிப் போகிற காலம், கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். காட்டுக்குள் போவதென்றால் கூட்டமாகவும் பகலிலும்தான், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் மறுப்புகள். புரட்டாசியில் ஆட்களைக் கோயிலுக்கு வரவைக்காமல் வெளியே அனுப்புவதா என்று கேட்பீர்கள். சனிக்கிழமைகளை நான் தொடவில்லை. விடுமுறை நாளில் ஒரு பகல், அதுவும் காலைப் பூசை முடிந்த பிறகு. அதோடு, புரட்டாசியில் நாமம் போட்டு, செம்பை ஏந்தி, “கோவிந்தா” என்று தெருத்தெருவாகப் போய் அரிசி வாங்கி வந்த வழக்கம் நம்முடையதுதானே? வீட்டைவிட்டு இறங்கி நடப்பது இந்த மாதத்துக்குப் புதிதில்லை. மதத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு, காவடி நாட்களில் மட்டும் வந்து போகிற இளைஞர்களைக் கூட்டத்தில் எத்தனை முறை குறைசொல்லி இருக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களிடம் வேலை கொடுங்கள். பஸ்ஸில் தலை எண்ணுவதற்கும் பாட்டிகளின் கையைப் பிடித்துக்கொள்வதற்கும் அவர்களைவிட்டால் ஆள் கிடையாது.

பணம் என்பீர்கள். பஸ் வாடகைதான் செலவு. ஒரு திருவிழாவுக்கு அச்சடிக்கும் பேனர்களில் பாதியைக் குறைத்தால் வந்துவிடும் என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்களா? கோபித்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

கசப்பான ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ப்ளூ லகூன் பக்கம் பூசை முடிந்த மறுநாள் போய்ப் பாருங்கள். தேங்காய் மூடி, கற்பூர அட்டை, பிளாஸ்டிக் மாலை, வாழைப்பழத்தைச் சுற்றிய பை. அதில் நம் பங்கு உண்டு. அன்றைக்குப் போகிற பஸ்ஸில் ஒரு கட்டு குப்பைப் பையும் கையுறையும் ஏற்றிக்கொள்ளுங்கள். நாம் போட்டதை நாமே பொறுக்குவதைப் பிள்ளைகள் பார்த்தால், அடுத்த வருஷம் போடுவதற்குக் கொஞ்சம் யோசிப்பார்கள். பெரியவர்களும் யோசிப்பார்கள், பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று.

சாப்பாட்டுக்குக் குழம்ப வேண்டாம். பீன்ஸ் கறியை ரொட்டியில் சுருட்டிவிட்டால் தட்டும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். பூசணிக்காய்ப் பொரியல் ஒரு பாத்திரம், இனிப்புக்குச் சோஜி. வீட்டிலிருந்து அவரவர் தண்ணீர் கொண்டுவரட்டும். தோட்டத்துக்குள் அடுப்பு மூட்டக் கூடாது, ஆகவே எல்லாம் கோயில் சமையலறையிலேயே தயாராகிவிட வேண்டும். காலை ஏழு மணிக்குப் பூசை முடிந்தால் எட்டரைக்குப் பஸ் கிளம்பலாம், நாலு மணிக்கெல்லாம் திரும்பிவிடலாம். முதல் வருஷம் மூன்று இடத்துக்கு மேல் வைக்காதீர்கள். தோட்டம், மைதானம், கடற்கரை. மீதியை அடுத்தடுத்த வருஷங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று கோயில்கள் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. எந்தக் கோயில் பேர் முதலில் வரும் என்று சண்டை வராமல் இருந்தால் சரி. என் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும், வீட்டார் கையெழுத்துப் போட வேண்டிய அனுமதித் தாளும் தயாராக இருக்கின்றன. உங்கள் கூட்டம் எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லியனுப்புங்கள், கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வகுப்புத் தமிழ் ஆசிரியை ஒருத்தி,
டர்பன்